ஏற்றிவிடுவது மோட்டார், இறக்குவது பூமி

ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது. மோட்டார், பம்பு, பவுண்டரி என்று பிழைக்கிற கோயம்புத்தூர்க்காரர்கள்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள். "அப்புறம் எப்படிங்க அந்த ஓட்டம் ஓடுது?" மோட்டார் இருக்கிறது, ஆனால் பெட்டிகளில் இல்லை, தரையில் இருக்கிறது. அது ஒரு நீளமான சங்கிலியைச் சுற்றுகிறது. பெட்டிக்கு அடியில் இருக்கும் கொக்கி அந்தச் சங்கிலியில் மாட்டிக்கொள்கிறது. முதல் மேட்டின் உச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டுவிடுகிறது. மோட்டாரின் வேலை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் இறக்கம், வளைவு, தலைகீழ்ச் சுற்று, அம்மா அப்பா என்ற கூச்சல் எல்லாமே அந்த ஒரு ஏற்றத்தில் சேர்த்துவைத்த உயரத்தைச் செலவழிப்பதுதான்.

இதை விளங்கிக்கொள்ள மேட்டுப்பாளையத்தைவிடத் தோதான ஊர் இல்லை. ஊட்டி ரோட்டில், மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் என்ற கேளிக்கைப் பார்க் இருக்கிறது. அதே ஊரிலிருந்துதான் நீலகிரி மலை ரயிலும் கிளம்புகிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் உதகமண்டலம் வரைக்கும் போட்ட பாதை அது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். ஏறத்தாழ 12 அடி போனால் 1 அடி உயரம் என்ற அளவுக்குச் செங்குத்து. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்மேன் நின்று, ஒரு கணம்கூட வேகம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறார். மலை ஏறிச் சேர்த்த உயரம் முழுவதும் பிரேக்கில் சூடாகித் தீர்ந்துபோகிறது. பயணி பத்திரமாக வந்து சேருகிறார்.

கோஸ்டர் இதற்கு நேர் எதிர். அதே உயரம், அதே இரும்புப் பாதை, அதே பூமி. பிரேக்கில் கரைக்க வேண்டியதைக் கரைக்காமல் வேகமாக மாற்றிக்கொள்கிறது. மலை ரயில்காரன் எதைக் கண்டு பயந்து பல்சக்கரம் வைத்தானோ, அதைத்தான் கோஸ்டர்காரன் டிக்கெட் போட்டு விற்கிறான். பைக்காராவில் மேலிருந்து விழுந்த தண்ணீர் 1930-களில் மின்சாரமாகி வந்து கோவை மில்களை ஓட்டியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்: உயரத்தில் இருக்கும் பொருள் கீழே வரும்போது தன் உயரத்துக்கு ஈடாக ஏதோ ஒன்றைத் தந்துவிட்டுத்தான் வரும்.

கணக்கு என்று சொன்னபிறகு எண்ணையும் பார்த்துவிடலாம். உராய்வை ஒதுக்கிவிட்டால், 25 மீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்ட பெட்டி அடியைத் தொடும்போது மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதை 160 ஆக்க வேண்டுமானால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்கி 100 மீட்டர் ஏற்ற வேண்டும். கோஸ்டர் கட்டுவது பணக்கார விளையாட்டாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேகம் கொஞ்சம் கூடுவதற்குள் இரும்பு, அஸ்திவாரம், காற்றைத் தாங்கும் கால்கள் எல்லாம் பல மடங்கு கூடிவிடும். அமெரிக்காவில் நியூஜெர்சியில் 2005-ல் திறந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம். அதைச் சங்கிலி போட்டு ஏற்றவில்லை, ஹைட்ராலிக் விசையால் தரையிலேயே மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் எய்து மேலே அனுப்பினார்கள். சில சமயம் பெட்டி உச்சியைத் தாண்ட முடியாமல் வந்த வழியே திரும்பி வந்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதை வெடிவைத்து இடித்துவிட்டார்கள். அபுதாபியில் 2010-ல் வந்த ஃபார்முலா ரோஸாவும் அதே எய்யும் வகைதான், மணிக்கு 240 கிலோமீட்டர். என் கட்சி என்னவோ சங்கிலிக் கட்சி. எய்து அனுப்புவதில் வேகம் இருக்கிறது, ஆனால் நிதானமான டக் டக் ஏற்றத்தில் வயிற்றைப் பிசையுமே, அந்த நேரம் அதில் இல்லை.

அந்த "டக் டக்" சத்தம் சங்கிலியுடையது என்றுதான் வரிசையில் நிற்கும் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சங்கிலியின் சத்தமல்ல. ஏற்றத்தின் நெடுக, பாதையின் நடுவில் படிப்படியாகப் பல் வெட்டிய ஒரு பட்டை இருக்கும். பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்பு நாக்கு ஒன்று ஒவ்வொரு பல்லையும் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும் சத்தம் அது. மேலே போகும்போது நாக்கு வழுக்கிக்கொண்டு போகும்; பின்னால் வரப் பார்த்தால் பல்லில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சங்கிலி அறுந்தாலும், கரண்டே போனாலும் பெட்டி ஒரு பல்லுக்கு மேல் பின்வாங்க முடியாது. உட்கார்ந்திருப்பவர்களை நடுங்க வைக்கும் அந்தச் சத்தம் உண்மையில் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சில புதிய கோஸ்டர்களில் இதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

பழக்கத்துக்குப் பழக்கமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொங்கு மண்ணுக்கு ஆட்டமும் சுற்றும் புதிதல்ல. ஆடிப் பதினெட்டுக்குத் தூரி நோம்பி என்றே பேர். புளிய மரத்திலும் வேப்ப மரத்திலும் கயிறு போட்டு ஊரே தூரி ஆடியது. கோயில் பண்டிகை என்றால் மைதானத்தில் ராட்டினம், கொலம்பஸ் கப்பல், பைக் ஓட்டும் மரணக் கிணறு எல்லாம் லாரியில் வந்து இறங்கும். கோவை வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சியில் டிராகன் முகம் வைத்த குட்டி ரயில் ஒன்று மேடும் பள்ளமுமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சிறுவர் கோஸ்டர் என்பார்கள். ஆனால் அந்த வகை ரயில்களில் மோட்டார் பெட்டியிலேயே இருக்கும், சுற்று முழுவதும் மோட்டார்தான் ஓட்டும். பூமியின் இழுப்பை நம்பி ஓடுவதில்லை. அதனால்தான் அதில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஏறத்தாழ ஒரே வேகம்.

இந்த வட்டாரத்தின் நிரந்தரப் பார்க்குகளை எடுத்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும், சிறுவாணி ரோட்டில் இருக்கும் கோவை கொண்டாட்டமும் பேர் போனவை. இரண்டும் அடிப்படையில் தண்ணீர்ப் பார்க்குகள். ராட்டின வகைகள் கூடவே உண்டு, ஆனால் கூட்டம் போவது அலைக் குளத்துக்கும் சறுக்குக்கும்தான். இதை நம் ஊரின் குறையென்று நான் எண்ணவில்லை. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் காயும் வெயிலில், சட்டை நனையாத விளையாட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? தண்ணீர்ச் சறுக்கும் கோஸ்டரின் தங்கைதான். அங்கேயும் உயரம்தான் மூலதனம், பூமிதான் ஓட்டுநர். ஒரே ஒரு வித்தியாசம்: கோஸ்டரில் உங்களைச் சங்கிலி ஏற்றுகிறது, சறுக்கில் உங்கள் கால்களே படியேறி உங்களை ஏற்றுகின்றன. பம்பு மேலே ஏற்றுவது தண்ணீரை மட்டும்தான், அதுவும் உங்கள் முதுகுக்கும் பைபர் தளத்துக்கும் நடுவில் உராய்வைக் குறைக்க. பம்புக்கு நாடெங்கும் பேர் வாங்கிய ஊரின் பக்கத்தில் தண்ணீர்ப் பார்க்குகள் செழித்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பெரிய இரும்புக் கோஸ்டருக்கு இங்கிருந்து வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். கொங்கு நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கம்பெனி டூர்களுக்கும் வெகுகாலமாக வாளையாறு தாண்டிக் கொச்சிதான். வீ-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் அங்கே வீகாலேண்ட் என்று தொடங்கிய பார்க் பிற்பாடு வொண்டர்லா ஆனது; 2005-ல் பெங்களூருவில் இன்னொன்று வந்தது. 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா திறந்தபோது தஞ்சோரா என்ற கோஸ்டரைக் கொண்டுவந்தார்கள். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்டு மாபிலார்ட் செய்தது அது. பாதை தலைக்கு மேலே இருக்கும், இருக்கை கீழே தொங்கும், கால் காற்றில் ஆடும். மும்பை–புனே வழியில் கோபோலியில் 2013-ல் வந்த நைட்ரோவும் அதே கம்பெனியின் வேலைதான், அதில் இருக்கைக்கு அடியில் தரை இருக்காது. இப்படி ஒன்றை வாங்கி நிறுத்தினால் போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க வருடம் முழுக்கக் கூட்டம் வேண்டும், பண்டிகைக்கும் பள்ளி லீவுக்கும் மட்டும் வரும் கூட்டம் போதாது. பெருநகரங்களை ஒட்டியே அவை நிற்பதன் பின்னணி இதுதான்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் மரச்சட்டம் கட்டி, மேலே பனிக்கட்டியை உறையவிட்டு, சறுக்குப் பலகையில் இறங்கினார்கள். அது பிரான்சுக்குப் போனபோது பனிக்குப் பதில் சக்கரம் வந்தது. 1817-ல் பாரிஸில் பாதையில் மாட்டிய வண்டிகளில் மக்கள் காசு கொடுத்து ஏறினார்கள். அமெரிக்கப் பங்குதான் எனக்குப் பிடித்தது. பென்சில்வேனியாவில் மவுக் சங்க் என்ற ஊரில் 1827-ல் மலைச் சுரங்கத்து நிலக்கரியை இறக்க ஒரு ரயில் பாதை போட்டார்கள். கரி வண்டி தானாக உருண்டு இறங்கும். காலி வண்டியை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் வண்டியில் ஏற்றப்பட்டே கீழே வந்தன. அந்தச் சுகம் கண்டபின் இறக்கத்தில் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு மனிதர்களும் காசு கொடுத்து ஏற ஆரம்பித்தார்கள். 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் இதையே ஊருக்குள் கட்டினார். 5 சென்ட் கட்டணம், மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகம். அதைச் சைக்கிளில் தாண்டிவிடலாம். அப்படியும் கூட்டம் அலைமோதியது.

தலைகீழ்ச் சுற்று மட்டும் வெகுநாள் கைகூடவில்லை. அதன் காரணம் இந்தத் துறையின் மிக அழகான பாடம் என்பேன். 1895-ல் கோனி தீவிலேயே ஃபிளிப் ஃபிளாப் என்ற கோஸ்டரில் முழு வட்டமாக ஒரு லூப் வைத்தார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தம் எடையைப் போல 12 மடங்கு வரை அழுத்தம் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு எங்கே என்றால், வட்டத்தில்தான். பெட்டி வட்டத்தின் உச்சியில் தலைகீழாக இருக்கும்போது கீழே விழாமல் பாதையோடு ஒட்டியிருக்கக் குறைந்தபட்ச வேகம் ஒன்று வேண்டும். உச்சியில் அந்த வேகம் மிச்சமிருக்க வேண்டுமானால், அடியில் நுழையும்போது அதைவிட எவ்வளவோ கூடுதல் வேகம் வேண்டும். கணக்குப் போட்டால், மிகக் குறைந்த வேகத்தில் நுழைந்தாலே அடியில் 6 மடங்கு எடை உடம்பில் ஏறுகிறது. 60 கிலோ ஆள் 360 கிலோவாகிவிடுகிறார். அதுவும் படிப்படியாக அல்ல. சமதளத்தில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி வட்டத்தைத் தொட்ட அந்தக் கணத்திலேயே.

இதற்கு விடை வந்தது 1976-ல். கலிபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டருக்கு ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் போட்டார். கட்டியவர் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப். அடியில் வளைவு அகலம், மேலே போகப்போகக் குறுகல். வேகம் அதிகமாக இருக்கும் அடியில் வளைவு மெதுவாக இருப்பதால் அழுத்தம் மட்டுப்படுகிறது; வேகம் குறைந்த உச்சியில் வளைவு இறுகலாக இருப்பதால் பெட்டி பாதையை விட்டு விழுவதில்லை. இன்றைக்கு எந்த லூப்பையும் தள்ளி நின்று பாருங்கள், அநேகமாக ஒன்றும் வட்டமாக இருக்காது.

அந்தக் கோடு வானத்திலிருந்து குதித்ததல்ல. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் நேர்க்கோட்டிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் போடுகிற அதே கோடுதான். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டும் டிரைவரைக் கவனியுங்கள். நல்ல டிரைவர் வளைவு வந்ததும் ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்க மாட்டார். முன்னாடியிருந்தே ஒரே சீராகத் திருப்பிக்கொண்டு வருவார். வேகம் மாறாமல் ஸ்டியரிங்கைச் சீராகத் திருப்பிக்கொண்டே போனால் சக்கரம் தரையில் போடுகிற கோடு ஸ்டெங்கலின் கோடுதான். மோசமான டிரைவர் போடுவது 1895-ன் வட்டம்; கம்பியைப் பிடிக்காத ஆள் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் போய் விழுவார்.

பயம் எங்கே இருக்கிறது என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது. வேகத்தில் இல்லை. அவினாசி ரோட்டில் 80-ல் கார் போகும்போது யாரும் கத்துவதில்லை. வேகம் மாறும்போதும் திசை மாறும்போதும்தான் உடம்பு விழித்துக்கொள்கிறது. அதிலும் மேட்டைத் தாண்டும் கணம் தனி ரகம். பெட்டி கீழே விழ ஆரம்பித்ததும் இருக்கை உங்களைத் தாங்குவதை நிறுத்திக்கொள்கிறது. நீங்கள் விழுகிறீர்கள், இருக்கையும் விழுகிறது, உள்ளே குடலும் இரைப்பையும் வழக்கமாக அழுந்தியிருக்கும் இடத்தில் அழுந்தாமல் மிதக்கின்றன. "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது" என்று சொல்வது வெறும் பேச்சல்ல, உள்ளபடியே நடப்பது.

காதுக்குள் நடப்பது வேறு கதை. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை சுழலும்போது அவை அதைச் சொல்லும். நேராக முடுக்கினாலோ விழுந்தாலோ சொல்வதற்கு வேறு இரண்டு உறுப்புகள் உண்டு. கண் ஒன்று சொல்லி, காது வேறொன்று சொன்னால் குமட்டல். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் பஸ்ஸில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கண் பார்ப்பது அசையாத முன் சீட்டின் முதுகை, காது உணர்வது ஓயாத திருப்பத்தை. அங்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் ஆள், கோஸ்டரில் ஒன்றும் ஆகாமல் சிரித்துக்கொண்டு இறங்குவதுண்டு. கோஸ்டரில் கண்ணுக்கு எதிரே பாதை தெரிகிறது, அடுத்து என்ன என்று உடம்புக்கு முன்கூட்டியே சேதி போகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தும் விடுகிறது. மாறாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிற கப்பு சாசர் வகையும், முன்னும் பின்னும் ஓயாமல் ஆடும் கொலம்பஸும்தான் வயிற்றைக் கலக்கும். ஆகவே கோஸ்டரில் கண்ணை மூடிக்கொள்வது உதவி அல்ல, உபத்திரவம்.

எந்தப் பெட்டியில் உட்காருவது என்று வரிசையில் ஒரு சண்டை எப்போதும் நடக்கும். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை, ஒரே வேகத்தில்தான் ஓடும். முன் பெட்டி உச்சியைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் முன்னால் இருப்பவர் விளிம்பில் எட்டிப் பார்த்தபடி தொங்குவார். பின் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்பகுதி முழுக்க இறங்கி வேகம் பிடித்துவிடும், பின்னால் இருப்பவரைப் பறித்து இழுத்துக்கொண்டு போகும். காட்சி முன்னால், உதறல் பின்னால். இதைச் சோதித்துக் காட்டியவர்கள் சிறுநீரக மருத்துவத்தில் இருக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்டிங்கர், சிலிக்கோனில் செய்த சிறுநீரக மாதிரிக்குள் கற்களை வைத்து டிஸ்னியின் பிக் தண்டர் மவுண்டன் கோஸ்டரில் ஏற்றினார். 2016-ல் வெளிவந்த முடிவு: பின் இருக்கையில் 100-க்கு ஏறத்தாழ 64 கற்கள் நகர்ந்து வெளியேறின, முன் இருக்கையில் 17 மட்டும். 2018-ல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. கிட்னி கல் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு டாக்டரை விட்டுப் பார்க்குக்கு ஓட வேண்டாம். அது மாதிரியில் செய்த சோதனை, ஒரே ஒரு கோஸ்டரில்.

இனிப் பத்திரம். தலைகீழாகப் போனாலும் பெட்டி கழன்று விழாதது வேகத்தால் மட்டுமல்ல. ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று வகைச் சக்கரங்கள்: குழாய்ப் பாதையின் மேல் ஓடுவது ஒன்று, பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு ஓடுவது ஒன்று, அடியிலிருந்து பிடித்துக்கொண்டு ஓடுவது ஒன்று. மூன்றும் சேர்ந்து பாதையைச் சுற்றிப் பிடித்திருப்பதால் பெட்டி எந்தப் பக்கமும் விலக முடியாது. அடிச் சக்கரத்துக்கு அமெரிக்கரான ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு ஓடிய கோஸ்டர்கள் மேடுகளில் மெதுவாகத்தான் போயாக வேண்டும், இல்லையென்றால் எகிறிவிடும். இன்றைய கோஸ்டரின் துணிச்சல் எல்லாம் அந்த மூன்றாவது சக்கரம் கொடுத்தது.

ஒரே பாதையில் இரண்டு மூன்று ரயில்கள் ஓடினாலும் முட்டிக்கொள்வதில்லை. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம். முன்னதன் பகுதி காலியாகவில்லையென்றால் பின்னது அங்கேயே நிறுத்தப்படும். பகுதிகளின் எண்ணிக்கை எப்போதும் ரயில்களைவிட அதிகம். மேட்டின் நடுவில் ரயில் நின்றுவிட்டால் ஏதோ கெட்டுப்போனது என்று பதறுகிறோம். பெரும்பாலும் கீழே ஒரு அம்மணி துப்பட்டாவை எடுத்துச் சொருகிக்கொண்டிருப்பதால் பிளாட்பாரம் காலியாகவில்லை என்பதுதான் சங்கதி.

பிரேக் இன்னும் நேர்த்தி. பெட்டிக்கு அடியில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், கடைசி நேர்ப்பாதையில் இரண்டு வரிசைக் காந்தங்கள் இருக்கும். தகடு காந்தங்களுக்கு நடுவே பாயும்போது அதற்குள் மின்னோட்டம் சுழன்று எழும்பி, ஓட்டத்தையே எதிர்க்கும். ஒன்றையொன்று தொடுவதில்லை, தேய்மானம் இல்லை, கரண்ட் வேண்டியதில்லை. ஊரே இருட்டானாலும் பிடிக்கும். ஒரே ஒரு குணம்: ஓட்டம் இருக்கும்வரைதான் பிடிமானம், ஆகவே முழுதாக நிறுத்த அதனால் ஆகாது. கடைசியாக நிற்க வைப்பதற்குச் சாதாரண உராய்வு பிரேக்கோ டயர் உருளையோ இருக்கும்.

உயரக் கணக்குப் பலகையில் 120, 140 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பதைக் கண்டு "எங்க பையன் தைரியசாலிங்க, ஏத்தி விடுங்க" என்று வாதாடும் அப்பாக்கள் உண்டு. அது தைரியத்துக்கான அளவல்ல. மடியில் இறங்கும் கம்பி தொடையையும் இடுப்பையும் பிடித்துத்தான் ஆளை நிறுத்துகிறது. தோள் கம்பி தோளில் வந்து உட்கார வேண்டும். உடம்பு அந்த அளவுக்கு வளரவில்லையென்றால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். அளவு பார்க்கும் பிள்ளையோடு சண்டைக்குப் போகாதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர்கள் ஏறக் கூடாது என்பதும் மரியாதைக்கு எழுதிவைத்ததல்ல.

பார்க்குக் கோஸ்டரைக் கண்டு நடுங்குபவர்கள் பண்டிகை மைதானத்து ராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நிரந்தரக் கோஸ்டரின் கால்கள் கான்கிரீட்டில் புதைந்தவை. தினமும் காலையில் ஆளில்லாமல் ஓடவிட்டுப் பார்த்த பின்தான் திறக்கிறார்கள். விளையாட்டுச் சாதனங்களின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. பண்டிகை ராட்டினமோ நேற்று ராத்திரி லாரியில் வந்து, மேடு பள்ளமான மண்ணில் மரக்கட்டை வைத்து மட்டம் பார்த்து நிறுத்தியது. ஊர் ஊராகக் கழற்றி மாட்டுவதில் போல்ட்டும் பின்னும் தேயும். ஏறுவதற்கு முன் அடிக்கட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்: மழை பெய்து மண் இளகியிருக்கிறதா, தொட்டிலின் கதவில் கொண்டி இருக்கிறதா அல்லது கயிறா என்று. கயிறு என்றால் பஞ்சுமிட்டாயோடு திரும்பிவிடுவது உத்தமம்.

பார்க்குக்குப் போகும் நாளைப் பற்றிச் சில விஷயங்கள். காலையில் முதல் சுற்றில் ஓடும் கோஸ்டர் மந்தமாக இருக்கும். பேரிங்கும் கிரீஸும் பாலியூரித்தேன் சக்கரமும் சூடேற நேரமாகும். சூடேறச் சூடேற உராய்வு குறைந்து ஓட்டம் கூடும். ஆள் நிறைந்த ரயில் காலி ரயிலைவிடக் கொஞ்சம் வேகமாகவும் ஓடும், ஏனென்றால் காற்றின் தடை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறைந்த ரயிலுக்கு அது பொருட்டல்ல. ஆக, கோஸ்டரின் நல்ல ஓட்டம் மத்தியானத்துக்கு மேல்தான். அந்த நேரத்தில் வெயில் தாங்காமல் கூட்டமும் தண்ணீருக்குள் இருக்கும், வரிசை குட்டையாக இருக்கும்.

சாப்பாட்டை மட்டும் இதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, கட்டுச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக ஏறுவதும் ஆகாது. இரண்டு இட்லி, மோர், ஒரு மணி நேர இடைவெளி. ஆனி, ஆடியில் போவதானால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றையும் கணக்கில் எடுங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, எல்லை மீறினால் உயரமான ரைடுகளை நிறுத்தவைக்கும். இடி மின்னல் என்றாலும் அப்படித்தான். அடிவாரத்துப் பார்க்கில் சாயங்காலம் மலைமேல் கருக்கல் கட்டிவிட்டால், அடுத்த ரவுண்டு என்று தள்ளிப்போடாதீர்கள்.

செருப்பு, செல்போன், சில்லறை எல்லாம் கீழே வைத்துவிட்டுப் போவது நல்லது. துப்பட்டாவை எடுத்துவிட வேண்டும், பின்னலை உள்ளே சொருகிக்கொள்ள வேண்டும், தாலிக்கொடியையும் சங்கிலியையும் உடைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டியவர்கள் வேறு உடைக்கு மாறிக்கொள்வது அவர்களுக்கும் பின் சீட்டுக்காரர்களுக்கும் நல்லது. கழற்றியதையெல்லாம் யாரிடம் கொடுப்பது என்ற கவலை கொங்குக் குடும்பங்களுக்குக் கிடையாது. "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் பையப் பாத்துக்கறேன்" என்று நிழலில் உட்கார்ந்துகொள்ள ஒரு அம்மாயி எப்படியும் கூட வந்திருப்பார். அவருக்கும் டிக்கெட் போட்டுத்தான் உள்ளே கூட்டி வந்திருப்பீர்கள், நியாயமாக ஒரு ரைடாவது ஏற்றிவிட வேண்டும். அவர் வயதுக்கு உடம்பு சரியாக இருந்தால் சிறுவர் கோஸ்டரில் நடுப் பெட்டி. உதறலும் குறைவு, தொங்கலும் குறைவு.